நேராக நின்ற கோடு

அத்தியாயம் 5

"கையெழுத்துப் போட மாட்டேன்."

அன்று காலையில் தென்றல் இதைச் சொன்னது மூன்றாவது தடவை. மெக்கானிக் சங்கத்திலிருந்து வந்திருந்த இரண்டு பேரும் அதற்குமேல் வாதாடவில்லை. டைப் அடித்த தாளை அவள் ஷெட்டில் நின்ற ஒரு காரின் பானட் மேல் வைத்து, காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு ஸ்பேனரையும் வைத்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டம், கையெழுத்தோடு வந்தால் சங்கமே பேசி முடித்துவிடும், வராவிட்டால் போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு பைக்கில் ஏறிப் போனார்கள்.

காசி ஸ்பேனரை நகர்த்தித் தாளை எடுத்துப் படித்தான். 'எனது கவனக்குறைவால் சப்ஃப்ரேம் போல்ட்டுகளைச் சரியாக முறுக்காமல் விட்டேன். இனி இந்த ஊரில் இத்தொழிலைச் செய்யமாட்டேன்.' மொத்தம் நாலு வரி. அதற்குள் மூன்று எழுத்துப்பிழை.

"போல்ட்டு இருக்கட்டும் மேடம். முதல்ல இவங்க தமிழை யாராவது டைட் பண்ணணும்" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. தென்றல் சிரிக்கிற நிலைமையில் இல்லை. எழிலரசி எப்போதுமே அப்படித்தான்.

எழிலரசிக்கு நாற்பத்து நாலு வயது. பதினோரு வருஷம் விபத்து வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதும் வேலையில் இருந்தவள். ஒரு அறிக்கையின் கடைசிப் பத்தியை மட்டும் கொஞ்சம் மாற்றி எழுதச் சொன்னார்கள். மாற்ற மாட்டேன் என்று வேலையை விட்டுவிட்டு வந்து, செங்கம் சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் போட்டாள். அவளுக்கு உதவியாளன், டிரைவர், வாய்த்துணை மூன்றும் காசிதான். அதற்கு முன் ஒன்பது வருஷம் டிராவல்ஸ் வண்டி ஓட்டியவன். வாய் ஜாஸ்தி, சம்பளம் கம்மி என்று தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்வான்.

தென்றல் அவர்களை வரவழைத்த விஷயம் இதுதான். எட்டு நாளைக்கு முன், கண்ணாயிரம் டிராவல்ஸின் ஏழு பேர் உட்காரும் வெள்ளைக் கார், ஆட்களைத் திண்டிவனத்தில் இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது கீழ்பென்னாத்தூருக்கு முன்னால் சாலையை விட்டு விலகி, கடலை விளைந்து நின்ற மல்லாட்டைக் கொல்லைக்குள் பாய்ந்தது. வண்டியில் டிரைவர் மணிவேல் மட்டும்தான். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது, இன்ஜினுக்கு அடியில் இருக்கும் சப்ஃப்ரேம் என்ற இரும்புச் சட்டம் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. முன்சக்கரங்களைத் தாங்கும் கைகளெல்லாம் அந்தச் சட்டத்தில்தான் மாட்டியிருக்கும். சட்டத்தை வண்டியோடு பிடித்திருப்பது நாலே நாலு பெரிய போல்ட். அவற்றில் பின்பக்கத்து இரண்டு வழியிலேயே எங்கோ விழுந்துவிட்டன.

விபத்துக்குச் சரியாக இருபத்தோரு நாள் முன்பு அந்தச் சட்டத்தை இறக்கி ஏற்றியவள் தென்றல்.

அடி அண்ணாமலையில் பூப்பயிர் வைக்கும் குடும்பத்துப் பெண். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்து, சென்னையில் ஆறு வருஷம் ஒரு பெரிய பட்டறையில் இருந்துவிட்டு, ரமணாசிரமத்தைத் தாண்டி இந்த ஷெட்டைப் போட்டு மூன்று வருஷம் ஆகிறது. ஷெட்டில் லிஃப்ட் கிடையாது. நடுவில் சிமெண்ட் பூசிய ஒரு குழி. வண்டி குழிக்கு மேலே நிற்கும், அவள் குழிக்குள் நின்று வேலை பார்ப்பாள்.

எழிலரசி கேள்வி கேட்கும்போது குரலை உயர்த்தவும் மாட்டாள், தாழ்த்தவும் மாட்டாள். அன்று என்ன வேலை செய்தாய் என்று கேட்டாள். சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் இரண்டு பக்கமும் போய்விட்டது, மாற்றினேன், அந்த வண்டியில் அதன் பின்போல்ட்டைத் தொடவேண்டுமென்றால் சட்டத்தை இறக்கித்தான் ஆகவேண்டும் என்றாள் தென்றல். சட்டத்துக்குப் புது போல்ட் போட்டதையும், கம்பெனிப் புத்தகத்தில் இருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சை வைத்து முறுக்கியதையும் சொன்னாள். டார்க் ரெஞ்ச் என்பது அளவு தெரிந்த ஸ்பேனர். எவ்வளவு இறுக்கம் வேண்டுமோ அதை அதில் வைத்துவிட்டால், அந்த இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சொல்லும். அதற்குக் கம்மியானால் போல்ட் கழலும், ஜாஸ்தியானால் போல்ட் நீண்டு ஒருநாள் அறும்.

"அந்த டிக் கேட்டுச்சா?"

"நாலு போல்ட்டுக்கும் கேட்டுச்சு. கேட்ட பிறகு ஒவ்வொண்ணுலயும் நகப்பாலிஷ்ல கோடு போட்டேன்."

போல்ட்டின் தலையிலிருந்து சட்டம் வரை ஒரே நேர்கோடு. போல்ட் கொஞ்சம் திரும்பினாலும் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். வேலை முடித்த வண்டி எல்லாவற்றிலும் அவள் அப்படித்தான் செய்வாள் என்பது ஊரில் இருக்கும் மெக்கானிக்குகளுக்கெல்லாம் தெரியும். போல்ட்டுக்கு மருதாணி வைக்கிற பெண் என்று அவளுக்குப் பெயரே உண்டு.

"ரெஞ்சே தப்பா இருந்தா?" என்றாள் எழிலரசி.

தென்றல் உள்ளே போய் ஒரு தாளை எடுத்து வந்தாள். விபத்துச் செய்தி வந்த மறுநாளே ரெஞ்சை வேலூருக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்திருக்கிறாள். அளவு சரி என்று சான்று கொடுத்திருந்தார்கள்.

"எனக்கும் அதே சந்தேகம்தான் மேடம் வந்துச்சு. நான் விட்டிருந்தா நானே போயி மணிவேல் அண்ணன் கால்ல விழுந்திருப்பேன். நான் விடல. விடாததுக்கு எதுக்கு நான் ஊரை விட்டுப் போவணும்?"

காசி சங்கத்துத் தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மிளகாய் பஜ்ஜி சுற்றக்கூட லாயக்கில்லாத தாள், இருந்தாலும் இருக்கட்டும் என்றான். இந்தத் தடவை தென்றலின் உதடு லேசாக அசைந்தது.

*

விபத்து வண்டி, வேட்டவலம் சாலையில் அர்ஜுனனின் பட்டறையில் இருந்தது. அர்ஜுனன் சங்கத் தலைவர். இருபத்தெட்டு வருஷ அனுபவம், நெற்றி நிறைய விபூதி, பட்டறையில் இரண்டு தூண் லிஃப்ட். விபத்து நடந்த அன்றே கண்ணாயிரம் வண்டியை அங்கேதான் இழுத்துவந்து போட்டிருந்தார்.

கண்ணாயிரமும் அங்கே இருந்தார். ஏழு வண்டிக்குச் சொந்தக்காரர். எழிலரசியைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது. காசியின் வாயை முன்பே அறிந்தவர்; அவனைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் கறுத்தது. அர்ஜுனனோ நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார். அந்தப் பெண் மேல் தனக்குக் கோபமே இல்லை என்றார். சின்ன வயசு, அவசரம், தொழிலில் இதெல்லாம் நடக்கும், ஆனால் ஒரு உயிர் போயிருந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். இந்த வண்டியை தென்றலுக்குப் பிறகு வேறு யாரும் தொட்டார்களா என்று எழிலரசி கண்ணாயிரத்தைக் கேட்டாள். என் வண்டி என் அனுமதி இல்லாமல் எந்தப் பட்டறை வாசலையும் மிதிக்காது, வேறெங்கும் போகவில்லை என்று கண்ணாயிரம் அடித்துச் சொன்னார்.

அர்ஜுனன் பொத்தானை அமுக்க, வண்டி லிஃப்டில் தலைக்கு மேலே ஏறி நின்றது. சக்கரங்கள் தொங்கின. டார்ச்சை வாங்கி அவரே அடித்துக் காட்டினார். பின்பக்கம் இரண்டு வெறும் ஓட்டைகள். முன்பக்கம் மிச்சமிருந்த இரண்டு போல்ட்டின் தலையிலும் சிவப்பாக நகப்பாலிஷ்.

"இதைப் பாருங்க மேடம். அந்தப் பொண்ணு போட்ட கோடு. நூலளவு கூட விலகல. அவளுக்கப்புறம் யாரும் கைவைக்கலன்னு இதுவே சாட்சி. ஆனா போல்ட்டைத் தொட்டுப் பாருங்க, கையாலயே சுத்துது."

எழிலரசி முதலில் இரண்டு போல்ட்டையும் எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுக்கச் சொன்னாள். காசி எடுத்தான். பிறகு ஒன்றைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் போதுமாயிருந்தது. பாட்டில் மூடி மாதிரி திரும்பியது. இந்த வண்டியில் ஏழு பேரை வைத்துக்கொண்டு மணிவேல் எத்தனை தடவை செஞ்சி மேட்டில் இறங்கியிருப்பான் என்று காசி நினைத்துப் பார்த்தான்.

எழிலரசி அதற்குள் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். லோயர் ஆர்ம் சட்டத்தோடு சேரும் இடத்தில் ஒரு ரப்பர் புஷ் இருக்கும். இடது பக்கத்து ரப்பர் முறுக்கிக் கிழிந்திருந்தது. அடிபட்டதில் கிழிந்திருக்கும் என்றார் அர்ஜுனன். அவள் தலையாட்டினாள். பிறகு நடந்துபோய் வலது பக்கத்தைப் பார்த்தாள். அதுவும் அதே மாதிரி, அதே விதமாக முறுக்கிக் கிழிந்திருந்தது.

"அடி எந்தப் பக்கம்ங்க?"

"இடது பக்கம்" என்றார் கண்ணாயிரம்.

அவள் நன்றி சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடித்தாள். மிச்சம் வைக்கவில்லை. காசிக்கு அது புரியவில்லை. துப்பு ஏதும் கிடைக்காத இடத்தில் மேடம் டீயைத் தொடவே மாட்டாள்.

*

வெளியே வந்து ஆம்னி வேனில் ஏறியதும் காசி சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தான். மேடம், கோடு நேராத்தான் இருக்கு, நம்ம பொண்ணு மாட்டிக்கிச்சு என்றான்.

"காசி, கோடு எதுக்குப் போடறாங்க?"

"போல்ட் திரும்பினா தெரியறதுக்கு."

"போல்ட் எப்படி லூசாகும்?"

"திரும்பித்தான்."

சொன்ன பிறகுதான் அவன் வாய் திறந்தபடியே நின்றது. முறுக்கிய போல்ட் திரும்பாமல் லூசாகாது. திரும்பினால் கோடு உடையும். கையால் சுழலும் போல்ட்டின் மேல் கோடு நூல் பிடித்த மாதிரி நிற்கிறதென்றால், அது லூசான பிறகு போட்ட கோடு.

"அவ முறுக்காமலே கோடு போட்டிருந்தா?"

"அப்பவும் உடைஞ்சிருக்கும். இருபத்தோரு நாள் ஓடுன வண்டி. கையால சுத்துற போல்ட் நம்ம ஊர் ரோட்டுல ஒரு நாள் கூட அதே இடத்துல நிக்காது."

அடுத்தது ரப்பர். அந்த புஷ் போல்ட்டைக் கடைசியாக முறுக்கும்போது வண்டி தன் சக்கரத்தில் நிற்கவேண்டும், சக்கரம் தொங்கக்கூடாது என்று எழிலரசி சொன்னாள். தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கியதும் அது ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி முறுக்கிக்கொள்ளும், சில நாளில் கிழியும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கிழிந்ததற்குக் காரணம் விபத்து இல்லை. தென்றலிடம் இருப்பது குழி. குழியில் வேலையை முடிக்கும்போது வண்டி சக்கரத்தில்தான் நிற்கும். அப்படியானால் அவளுக்குப் பிறகு யாரோ லிஃப்டில் ஏற்றி, எல்லாவற்றையும் கழற்றி, அவசரமாக மாட்டியிருக்கிறார்கள்.

"ஊர்ல லிஃப்ட் இருக்கறது நாலு இடம் மேடம்."

"இருக்கட்டும். அந்த வண்டிய அங்க ஓட்டிட்டுப் போனது யாரு? அதைக் கண்டுபிடிச்சா போதும்."

கண்ணாயிரம்தான் என்றான் காசி. எங்கேயோ சகாயமாகக் காரியம் பார்த்துவிட்டு இப்போது மறைக்கிறார், அவர் முகமே சொல்கிறது என்றான். மணிவேல் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள் எழிலரசி.

*

மணிவேலை அன்று வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்கள். காலில் கம்பி வைத்துக் கட்டியிருந்தது. பக்கத்தில் அவன் மனைவி கீதாஞ்சலி துணிமணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆசிரமத்துப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை பார்ப்பவள். எட்டு நாளாக லீவு போட்டுவிட்டு இங்கேயே இருக்கிறாள்.

காசியும் மணிவேலும் ஒரு காலத்தில் ஒரே ஸ்டாண்டில் வண்டி போட்டவர்கள். காசியைப் பார்த்ததும் மணிவேல் சிரித்தான். பின்னால் வந்த எழிலரசியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. வண்டியை வேறெங்காவது வேலைக்கு விட்டார்களா என்று அவள் கேட்டாள். இல்லை என்றான். கண்ணாயிரம் எதையாவது சொல்லாதே என்று சொன்னாரா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

எழிலரசி காசியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

காசி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். ஏதாவது தமாஷாகப் பேசி ஆரம்பிக்கலாம் என்று பார்த்தான். ஒன்றும் வரவில்லை. அந்த முதுகைப் பார்த்தபோது அவனுக்குத் தன் முதுகைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

யாரிடமும் சொல்லாத ஒன்றை அவன் சொன்னான். ஏழு வருஷத்துக்கு முன் அவன் ஓட்டிய வண்டியில் பிரேக் பெடல் லேசாக உள்ளே இறங்க ஆரம்பித்தது. முந்தின வாரம்தான் ஒரு கண்ணாடியை உடைத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான். இதையும் சொன்னால் நீதான் கெடுத்தாய் என்பார், வேலை போய்விடும் என்று சொல்லாமல் விட்டான். மறுநாள் வண்டி வேறு டிரைவர் கைக்குப் போனது. போளூர் ரோட்டில் ஒரு சுவரில் மோதி அந்த ஆளுக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று. பிரேக் திடீரென்று பிடிக்கவில்லை என்றுதான் அவர் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"கல்யாணத்துல, சாவுல எங்க பாத்தாலும் காசி எப்டிறா இருக்கேன்னு அந்தக் கையாலதான் தோளைத் தட்றாரு. நான் அவருகிட்ட ஜோக் சொல்லிச் சமாளிக்கிறேன். ஏழு வருஷமா சமாளிக்கிறேன் மணி. நீ சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். சொல்லலன்னா எப்டி இருக்கும்னு மட்டும் சொல்லிட்டேன்."

கீதாஞ்சலி துணி மடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

மணிவேல் சுவரைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தான். விபத்துக்கு முந்தின பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் கூட்டத்துக்கு நடுவே போய்க்கினு இருந்தபோது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா குறுக்கே வந்துவிட்டாள். திருப்பினான். முன்சக்கரம் ஓரத்துக் கல்லில் பலமாக ஏறி இறங்கியது. அதற்குப் பிறகு ஸ்டியரிங் இடதுபக்கமே இழுத்தது. வண்டியில் இன்னொரு கீறல் விழுந்தால் அப்படியே வீட்டுக்குப் போய்விடு என்று கண்ணாயிரம் அதற்கு முந்தின வாரம்தான் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். அதனால் அவருக்குத் தெரியாமல், தென்றலிடமும் போகாமல், தெரிந்த ஒருவரிடம் கெஞ்சினான். அவர் முதலாளியிடம் சொல்லமாட்டேன் என்று ஏற்றுக்கொண்டார். பௌர்ணமி நெரிசல், பட்டறை முழுக்க வண்டி. லிஃப்டில் ஏற்றி, சட்டத்தை இறக்கி, நெளிந்ததை அடித்து நிமிர்த்தி, போல்ட்டைக் காற்றழுத்தத்தில் முறுக்கும் ஏர் கன்னை வைத்து டர்ரென்று ஓட்டி முக்கால் மணி நேரத்தில் கொடுத்துவிட்டார்கள். நாலு போல்ட்டையும் இறுக்கினார்களா, இரண்டைக் கையால் செருகிவிட்டு மறந்தார்களா, அவன் பார்க்கவில்லை.

"யாரு அவரு?" என்றான் காசி.

"நம்ம தலைவர்தான். அர்ஜுனன்."

காசி இதை எதிர்பார்க்கவில்லை. கண்ணாயிரம் என்று பந்தயமே கட்டியிருப்பான். கூட்டத்தில் தீர்ப்புச் சொல்லப்போகிறவர், டீ வாங்கிக் கொடுத்தவர், டார்ச் அடித்துக் கோட்டைக் காட்டியவர்.

விபத்து நடந்த மறுநாளே அர்ஜுனன் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். நீ வாயைத் திறந்தால் வேலையும் போகும், மறைத்ததற்காகக் கேஸும் உன் மேல் திரும்பும் என்றிருக்கிறார். அந்தப் பொண்ணு சின்னப் பொண்ணு, எங்கேயாவது போய்ப் பொழச்சுக்கும் என்றும் சொல்லியிருக்கிறார்.

கீதாஞ்சலி மடித்த துணியைக் கட்டில் மேல் வைத்தாள். "இவ்ளோ நாளும் எங்கிட்ட சொல்லலையே. அந்தப் பொண்ணு நேத்து இங்க வந்து பழம் குடுத்துட்டுப் போச்சு. நீ தூங்கற மாதிரி படுத்துக்கினு இருந்த. அதுக்குத்தானா?"

போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டால் போதும் என்றாள் உள்ளே வந்திருந்த எழிலரசி. மணிவேல் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"வீடியோ வாணாம் மேடம். எவனோ சொல்லிக் குடுத்து பேசினான்னு சொல்லுவாங்க. வெளிய வுடறதே இன்னைக்குத்தானே. வீட்டுக்குப் போற வழியில அங்க போலாம். நானே சொல்றேன்."

*

சங்கக் கட்டடத்தில் முப்பது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். எல்லார் கையிலும் கிரீஸ் கறை. மேசைக்குப் பின்னால் அர்ஜுனன், பக்கத்தில் கண்ணாயிரம். தென்றல் வேலை உடுப்போடு அப்படியே வந்திருந்தாள். உட்காரச் சொன்னார்கள், நின்றே இருந்தாள். காசியிடமிருந்து அந்தத் தாளை வாங்கி மேசைமேல் வைத்து, கையெழுத்து இல்லை என்றாள்.

எழிலரசி பேச அனுமதி கேட்டாள். எனக்கு மெக்கானிக் வேலை அவ்வளவாகத் தெரியாது, காலையில் தலைவர் காட்டிய கோட்டை எல்லாருக்கும் ஒருதடவை விளக்கினால் நன்றாக இருக்கும் என்றாள். அர்ஜுனன் சந்தோஷமாக விளக்கினார். கோடு நூலளவு கூட விலகவில்லை, போல்ட்டோ கையால் சுற்றுகிறது என்று காற்றில் விரலைச் சுற்றியும் காட்டினார். காசி படங்களைத் தன் போனில் திறந்து பின்வரிசையிலிருந்து கைமாற்றி அனுப்பினான்.

"எனக்கு ஒரே சந்தேகம். இங்க எல்லாரும் தொழில் தெரிஞ்சவங்க. லூசான போல்ட்டுல கோடு எப்படிங்க நேரா நிக்கும்?"

பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. யாரோ யாரிடமோ கிசுகிசுத்தார்கள். போன் கைமாறி முன்வரிசைக்கு வந்தபோது, பார்த்தவர்கள் படத்தை விட்டுவிட்டு அர்ஜுனனைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். முப்பது பேருக்கும் அது புரிந்துவிட்டது. அவர்கள் தினமும் போல்ட்டோடு வாழ்கிறவர்கள்.

"உங்க பட்டறைக்கு வண்டி வந்தப்போ கோடு உடைஞ்சுதான் இருந்திருக்கும் தலைவரே" என்றாள் எழிலரசி. "அப்படியே விட்டிருந்தா, தானா கழண்டு போச்சு, அந்தப் பொண்ணு சரியா முறுக்கலன்னு நானும் நம்பியிருப்பேன். யாரும் தொடலன்னு காட்டணும்னு நேராக்கினீங்க பாருங்க, அங்கதான் மாட்டிக்கிட்டீங்க."

அர்ஜுனன் எழுந்து நின்றார். வண்டி விபத்துக்குப் பிறகுதான் தன் இடத்துக்கு வந்தது, அதற்கு முன் வந்ததாக ஒரே ஒரு சாட்சி காட்டட்டும் என்றார்.

காசி அதற்கு முன்பே வெளியே போயிருந்தான். ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிய சக்கர நாற்காலியில் மணிவேலை உட்காரவைத்து, அவனும் கீதாஞ்சலியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியேற்றிக் கொண்டுவந்தார்கள். கட்டுப்போட்ட கால் நேராக நீட்டிக்கொண்டிருந்தது. வழி தானாக விலகியது.

மணிவேல் அர்ஜுனனைப் பார்க்கவில்லை. கண்ணாயிரத்தைப் பார்த்துத்தான் சொன்னான். பௌர்ணமி, கல், லிஃப்ட், முக்கால் மணி நேரம், ஆஸ்பத்திரிக்கு வந்து அர்ஜுனன் சொன்னது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னான். அர்ஜுனனின் பட்டறையிலேயே வேலை பார்க்கும் ஒருவர் கூட்டத்திலிருந்து எழுந்து, ஆமாம், அன்றைக்கு ஏர் கன் பிடித்தது நான்தான், முன்பக்கம் இரண்டைப் பாதி ஓட்டும்போதே வேறு வண்டிக்குக் கூப்பிட்டார்கள், மீதியையும் பின்பக்கத்து இரண்டையும் தலைவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார் என்றார். சொல்லிவிட்டு உட்காரவில்லை. நேராக வெளியே போய்விட்டார்.

அர்ஜுனன் மெதுவாக உட்கார்ந்தார். சற்று நேரம் நெற்றியைத் தேய்த்தார். விபூதி விரலோடு வந்தது. நடந்தது நடந்துவிட்டது, அந்தப் பெண் கையெழுத்துப் போடவேண்டாம், காரணம் தெரியவில்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடலாம், சங்கத்துப் பேர் கெடவேண்டாம் என்றார். இரண்டொரு தலைகள் ஆடவும் செய்தன.

"தெரியலன்னு எழுதக்கூடாது" என்றாள் தென்றல். "தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சதை எழுதுங்க. நான் பாக்கறேன்."

அவள் மேசையருகே போய்த் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றி, செயலாளர் முன்னால் வைத்தாள். அந்த மனிதர் அர்ஜுனனைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கடைசியில் எழுத ஆரம்பித்தார். அவள் ஒவ்வொரு வரியையும் படித்துக்கொண்டே நின்றாள். ஒரு இடத்தில் நிறுத்தி, அர்ஜுனன் பட்டறை என்று பேரைப் போடச் சொன்னாள். போட்டார்.

அதுவரை வாயே திறக்காத கண்ணாயிரம் அப்போதுதான் மணிவேலிடம் பேசினார். எங்கிட்டயே மறைச்சியேடா, நாளையிலிருந்து வராதே என்றார். மணிவேல், தெரியும் சார், அதுக்குத் தயாராத்தான் வந்தேன் என்றான். கீதாஞ்சலி அவன் தோளில் கையை வைத்தாள்.

தென்றல் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். அவன் எட்டு நாள் வாய்மூடிக் கிடந்ததால் தெருவுக்கு வரவிருந்தவள் அவள்தான். அவனைத் திட்டப்போகிறாள் என்றே காசி நினைத்தான்.

"அவரை எதுக்கு சார் அனுப்பறீங்க? போல்ட்டை லூசா விட்டது தலைவரு. கல்லுல ஏறுனதைச் சொல்ல முடியாம பண்ணது நீங்க. ஒரு கீறலுக்கு வேலை போவும்னு சொன்னா எந்த டிரைவரு உங்ககிட்ட வந்து வண்டி இழுக்குதுன்னு சொல்லுவான்? உங்க மீதி ஆறு வண்டியும் எதை மறைச்சுக்கினு ஓடுதோ. அதை எங்கிட்ட கொண்டாராதீங்க. முதல்ல உங்க டிரைவருங்களைக் கூப்பிட்டுக் கேளுங்க."

பின்வரிசையில் கைகட்டி நின்றுகொண்டிருந்த தன் மற்ற டிரைவர்கள் இரண்டு பேர் மேல் கண்ணாயிரத்தின் பார்வை போயிற்று. இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

நாலு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட முன்வந்தார்கள். பிறகு ஏழு பேர் ஆனார்கள். எழிலரசி அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு, எல்லாரும் நேராகக் காவல் நிலையத்துக்குப் போகலாம், தலைவர் தன் வண்டியிலேயே வரட்டும் என்றாள். அர்ஜுனன் மறுக்கவில்லை.

படியில் இறக்கும்போது நாற்காலியின் இடது பக்கத்தைக் காசி பிடித்தான். வலது பக்கத்துக்குக் கீதாஞ்சலி வருவதற்குள் இன்னொரு கை வந்து பிடித்தது. கண்ணாயிரம்.

"விடுங்க சார். அவங்க பாத்துக்குவாங்க" என்றான் மணிவேல்.

கண்ணாயிரம் விடவில்லை. மூச்சு வாங்க, ஒவ்வொரு படியாக இறங்கினார். கடைசிப் படி வந்ததும் நிமிர்ந்து, பின்னால் வந்த தன் இரண்டு டிரைவர்களையும் கூப்பிட்டு, யார் வண்டியில் என்ன இருக்கிறதோ இப்போதே சொல்லுங்கள், யாரையும் அனுப்பமாட்டேன் என்றார்.

அவர்களில் பெரியவன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்:

"எண்பதைத் தாண்டினா முன்னால தடதடங்குது சார். ரெண்டு மாசமா."